கட்டைவிரல் காட்டாத பிள்ளை

நீச்சல்குளத்தின் பின்கதவுச் சாவியை நான் ஒப்படைத்துச் சில குளிர்காலங்கள் ஆகிவிட்டன. இப்போது அந்தச் சாவியை வைத்திருக்கும் நீங்கள், "அக்கா, புதிதாக வந்திருக்கும் பயிற்றுநர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆழக் கணக்கும் காற்றுக் கணக்கும் உங்கள் பாடப் புத்தகங்களில் என்னைவிட நன்றாக இருக்கின்றன. அவற்றில் இல்லாத விஷயம் ஒன்றுதான்: நம் ஆட்களைத் தண்ணீருக்குள் இறக்கினால் என்ன நடக்கும் என்பது. அதை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்தால் போதும், தேர்வு எல்லாம் வைக்க மாட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழச்சி. லண்டனுக்குப் படிக்க வந்தவள், படிப்பு முடிந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. ரெய்னர்ஸ் லேனில் வீடு. கல்யாணம் உள்ள சனி ஞாயிறுகளில் தமிழ்க் கல்யாணங்களைப் படம் பிடிப்பேன். கல்யாணம் இல்லாத சனி ஞாயிறுகளில் கடலுக்கடியில் மீன்களைப் படம் பிடிப்பேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் வெளிச்சம் போதாது, இரண்டு இடத்திலும் சொன்ன இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். மீன்களாவது நல்ல நேரத்தில் குறுக்கே வந்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை.

புதன்கிழமை மாலைகளில் ஹரோவில் இதே குளத்தில் டைவிங் சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்லப்போகும் சம்பவம் இரண்டாயிரத்துகளின் நடுவில் நடந்தது. டிஜிட்டல் கமெரா அப்போதுதான் தண்ணீருக்குள் இறங்கப் பழகிக்கொண்டிருந்தது. நம் ஆட்களும் அப்படித்தான்.

முதலில் அந்த விதியைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்கடியில் ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் "பிரமாதம்" என்று பொருள் இல்லை. "போதும், மேலே போவோம்" என்று பொருள். சோடியாக இறங்கிய இருவரில் யார் காட்டினாலும் மற்றவர் உடனே திரும்பியாக வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. கரையேறித் தேநீர் குடிக்கும்போதுகூடக் கேட்கக்கூடாது. காரணம் கேட்பார்களே என்ற கூச்சத்தில் விரலைத் தூக்காமல் இருந்துவிட்டவர்கள் தேநீருக்கே வந்து சேராமல் போனதுண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். நம் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போதவில்லை.

குற்றம் பிள்ளைகளுடையது இல்லை. வயதில் பெரியவரிடம் "போதும்" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் கிடையாது. பெரியவர் சோறு போட்டால் போதும் என்று சொல்ல முடியாது, கதை சொன்னாலும் சொல்ல முடியாது. நான் குளத்தில் ஒரு பெரியவரையும் ஓர் இளையவரையும் சோடி சேர்த்து, இளையவரிடம் "நீ விரலைக் காட்டணும்" என்று சொல்லி இறக்குவேன். ஒரு பிள்ளை முதலில் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் பிறகு விரலைக் காட்டியது. இன்னொன்று பெரியவருக்குத் தெரியாமல் விரலை முதுகுக்குப் பின்னால் வைத்து எனக்கு மட்டும் காட்டியது. மூன்றாவது பிள்ளை காட்டவே இல்லை. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து கண்ணெல்லாம் சிவந்து, அந்தப் பெரியவர் தானாக மேலே போகும்வரை பொறுமையாகக் கூடவே கிடந்தது.

அந்த மூன்றாவது பிள்ளைதான் துஷ்யந்தன். அந்தப் பெரியவர்தான் சிவபாலன் அண்ணை.

சிவபாலன் அண்ணை யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, லண்டனின் மறுகோடியில் இருக்கும் வால்தம்ஸ்டோவுக்கு வந்து பாய்லர் பூட்டும் தொழில் செய்தவர். சர்க்கரை வியாதிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குளத்தில் அங்குமிங்கும் நீந்துவது அவருக்கு அலுப்பு, அதனால் டைவிங். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, பைப்பும் பிரஷரும் என்ர தொழில். காத்தைப் பற்றி மட்டும் எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம், விளங்குதோ?"

அவரைக் காரில் கூட்டி வருவது மகள் அபிராமி. கண் பரிசோதகர். கெட்டிக்காரி, நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் கடலில் இறக்கக்கூடியவள். வால்தம்ஸ்டோவில் குளம் இல்லாதது போல, புதன்கிழமை மாலை நெரிசலில் நோர்த் சர்க்குலர் சாலை முழுவதும் ஊர்ந்து தகப்பனை ஹரோவுக்குக் கொண்டுவருவாள். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் உடைமாற்றும் அறையில் தலை உலர்த்தும் கருவியை உச்சத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் என் காதில் வந்து சொன்னாள்.

"அக்கா, துஷியும் நானும் யூனியில இருந்தே ஒண்டாத்தான் இருக்கிறம். அப்பாவுக்குத் தெரியாது. நேர போய்ச் சொன்னா 'ஆற்ற மகன்' எண்டு கேப்பார், அதோட கதை முடிஞ்சுது. முதல்ல அப்பாவுக்கு ஆளைப் பிடிக்கட்டும். பிறகு சொல்லுறம். நீங்கள் எப்பவும் அவையள் ரெண்டு பேரையும் சோடி போட்டு விடுங்கோ, ப்ளீஸ்."

கல்யாணப் படம் எடுத்தே வயிறு வளர்த்தவளிடம் இப்படி ஒரு வேலையைக் கொண்டுவந்தால் விடுவேனா? "சரி லா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அன்றிலிருந்து ஒரு வருடம், சிவபாலன் அண்ணையும் துஷ்யந்தனும் என் சோடி. தன் மருமகனாக வரத் துடிக்கும் பிள்ளையோடுதான் வாராவாரம் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அண்ணைக்குத் தெரியாது என்று மூன்று பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

துஷ்யந்தன் ஹரோக்காரன். கவுன்சிலில் வேலை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு. தங்கமான பிள்ளை. ஆனால் அண்ணைக்கு முன்னால் அவன் வாயில் ஒரே சொல்தான்.

"தம்பி, உலகத்திலயே திறம் ஜேர்மன் ரயில்தான், என்ன?"

"ஓம் அங்கிள்."

அடுத்த புதன்: "ஜேர்மன் ரயிலும் இப்ப பழுதாப் போட்டுது, என்ன?"

"ஓம் அங்கிள்."

அண்ணை அவனை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை பாசம் என்று நினைத்து அபி எனக்குக் கண்ணடிப்பாள். நானும் திருப்பிக் கண்ணடிப்பேன். எங்கள் திட்டம் அப்படி ஜோராக நடந்துகொண்டிருந்தது.

ஜூன் மாதத்தில் எல்லோரையும் போர்ட்லண்ட் தீவுக்கு அழைத்துப் போனேன். தெற்குக் கடற்கரையில், நீண்ட கூழாங்கல் மேடு ஒன்று மட்டும் நிலத்தோடு கட்டிவைத்திருக்கும் தீவு அது. முழுக்கச் சுண்ணாம்புக்கல். லண்டனில் நாம் அண்ணாந்து பார்க்கும் வெள்ளைக் கட்டடங்கள் பலவும் அங்கிருந்து வெட்டி வந்தவைதான். மனிதர் மேலே இருந்து வெட்டினார்கள், கடல் கீழே இருந்து அரித்தது. அதனால் தீவின் காலடியில் தண்ணீருக்குள்ளேயும் குகைகள் உண்டு. நான் பிறந்த ஊரும் சுண்ணாம்புக் குகை ஊர்தான். அங்கே குகைக்குள் கோவில், இங்கே குகைக்குள் நண்டு.

படகோட்டி அந்தத் தீவின் ஆள். பரம்பரையாகக் கல் வெட்டிய குடும்பம். படகில் ஏறியதும் அவர் சொன்னது ஒரே ஒரு சட்டம்: நீண்ட காதுள்ள, துள்ளி ஓடும் அந்தப் பிராணியின் பெயரைத் தன் படகில் யாரும் சொல்லக்கூடாது. பாறை சரிவதற்குச் சற்று முன் அது வளையை விட்டு வெளியே ஓடிவருமாம். கண்டவர்கள் அன்று வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். அந்தப் பெயர் தீவிலேயே ஆகாது.

மற்ற ஊர்க்காரர்கள் என்றால் சிரித்திருப்பார்கள். நம் ஆட்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். வாசலில் காலெடுத்து வைக்கும்போது "எங்க போறாய்?" என்று கேட்டதற்காகத் திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் பரம்பரை அல்லவா. சிவபாலன் அண்ணைக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"தங்கச்சி, தமிழில சொன்னா காரியமில்லையோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். படகோட்டி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து யோசித்தார். பிறகு, உங்கள் மொழி பழைய மொழியா என்று கேட்டார். மிகப் பழையது என்றேன். அப்படியானால் வேண்டாம், கடலுக்குத் தெரிந்திருக்கலாம் என்றார். இதை மொழிபெயர்த்ததும் அண்ணைக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று காலை முழுவதும் அவர் அந்தப் பெயரை எந்த மொழியிலும் சொல்லவில்லை.

இனி குகை. ஆழம் அதிகம் இல்லாத இடம். அதன் வாய், வேன் ஒன்று நுழையும் அளவுக்கு அகலம். உள்ளே போகப்போக ஒடுங்கும். தரையில் நன்றாகச் சலித்த மாவு போலச் சுண்ணாம்பு வண்டல். காலில் மாட்டிய துடுப்பு ஒரு தரம் பட்டால் போதும், கிளம்பிவிடும். அதனால் கண்டிப்பாகச் சொல்லித்தான் இறக்கினேன்: வாசல் வெளிச்சம் உங்கள் மேல் படும் தூரத்தைத் தாண்டக்கூடாது. இருவரில் யாருடைய சிலிண்டரிலும் காற்றளவு காட்டும் ஊசி பாதியைத் தொட்டாலும் திரும்பிவிட வேண்டும். எதிலும் கை வைக்கக்கூடாது. "ஓம் அக்கா" என்றான் துஷ்யந்தன். "பிரஷர் எனக்குத் தெரியும்" என்றார் அண்ணை.

நானும் அபியும் சோடி. வாசலுக்கு வெளியே மிதந்தபடி நான் கமெராவைப் பிடித்திருந்தேன். குகை வாய் ஒரு சட்டம் போல இருக்க, உள்ளே இரண்டு உருவங்கள் கறுப்பாக மிதக்கும் படம் ஒன்று எனக்கு வேண்டும். வெளிச்சம் அருமையாக இருந்தது. இருவரும் நான் கேட்டபடி நின்றார்கள். என் தொழில் வாழ்க்கையில் அது அபூர்வம் என்பதால் அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அண்ணையின் டோர்ச் வெளிச்சம் குகையின் பின்பக்கம் ஓரிடத்தில் விழுந்து அப்படியே நின்றது. பாறை இடுக்கில் ஒரு சிங்கிறால். கருநீலம். ஒவ்வொரு இடுக்கியும் என் உள்ளங்கையைவிடப் பெரிது. நம் ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போனால் உலகத்துக்கு மீன்காட்சி, அவர்களுக்கு மீன்சந்தை. "இது குழம்புக்கு ஆகுமோ?" என்று கேட்காமல் கரையேறிய ஒருவரை நான் கண்டதில்லை. அண்ணை முன்னால் நகர்ந்தார். சிங்கிறால் பின்னால் நகர்ந்தது. அண்ணை இன்னும் நகர்ந்தார்.

துஷ்யந்தன் தன் காற்று ஊசியைப் பார்த்தான். பிறகு எட்டி, அண்ணையின் பக்கத்தில் தொங்கிய ஊசியைப் பார்த்தான். பார்த்ததும் அவன் உடம்பு நிமிர்ந்தது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. கை மெல்ல உயர்ந்தது. ஒரு வருடமாகக் குளத்தில் தூக்காத கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அண்ணை உள்ளங்கையை விரித்தார்: பொறு.

மறுபடியும் காட்டினான். அண்ணை இரண்டு கைகளையும் அகல விரித்துச் சிங்கிறாலின் நீளத்தைக் காட்டினார். மூன்றாவது முறை காட்டியபோது அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தலையும் தோளும் இடுக்குக்குள் போய்விட்டன. வெளியே தெரிந்தது கால்கள் மட்டும்.

துஷ்யந்தன் வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பினான். அவன் பார்த்தது என்னையல்ல, என் பக்கத்தில் மிதந்தவளை. அந்தத் தூரத்தில் முகம் தெரியாதுதான். ஆனால் அந்த ஒரு கணத்தில் அவன் எதை எதோடு வைத்துப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடக் காதல் ஒரு பக்கம். அதே காதலியின் தகப்பனுடைய மூச்சு இன்னொரு பக்கம். பெண் கேட்டுப் போக வேண்டிய மனிதரின் கணுக்காலை அவன் பற்றினான். பற்றி, இழுத்தான்.

அண்ணை உதைத்தார். அடுத்த நொடியில் குகை முழுவதும் வெள்ளை.

பால் என்று சொன்னால் பால்தான். வாசல் வரை வந்து எங்களையும் மூடியது. உள்ளே இருந்தவர்களுக்கு எது வழி, எது சுவர், எது மேல், எது கீழ் என்று தெரியாது. அபியின் விரல்கள் என் கையில் பதிந்தன. அடுத்து அவள் உள்ளே பாயப்போகிறாள் என்று தெரிந்து அவளுடைய வாரை எட்டிப் பிடித்தேன். அவள் திமிறினாள். தகப்பனும் அவனும் ஒரே இருட்டுக்குள் இருக்கும்போது அந்தப் பிள்ளையை எப்படிக் குறை சொல்வது? உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளே பாயத்தான் வந்தது. 

இங்கேதான் கவனியுங்கள், புதியவர்களே. நாங்கள் உள்ளே போனால் என்ன ஆகும்? இன்னும் இரண்டு சோடித் துடுப்பு, இன்னும் இரண்டு மடங்கு வண்டல். வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் தேவை வீரர்கள் அல்ல, வாசல் எங்கே இருக்கிறது என்ற தகவல். என் கையில் இருந்ததிலேயே பெரிய வெளிச்சம் கமெராவின் ஃபிளாஷ். அதைக் குகைக்குள் திருப்பிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினேன். மின்னியது. மறுபடி மின்சாரம் ஏறும்வரை காத்திருந்து அழுத்தினேன். மறுபடி. மறுபடி. அசையாமல் ஒரே இடத்தில் மிதந்துகொண்டு அழுத்துவது மட்டும்தான் என் வேலை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான். பார்ப்பவருக்கு ஒருத்தி தண்ணீருக்குள் சும்மா நின்று படம் எடுத்தது போலத்தான் இருந்திருக்கும்.

எத்தனை முறை மின்னியது என்று தெரியாது. வெள்ளைக்குள் ஒரு நிழல் தடித்தது. முதலில் துஷ்யந்தனின் முதுகு வந்தது, மின்னும் பக்கமாகப் பின்னோக்கியே வந்துகொண்டிருந்தான். பிறகு அவன் கை. அந்தக் கைக்குள் ஒரு கணுக்கால். அந்தக் கணுக்காலுக்குப் பின்னால், வயிறு தரையில் உரச, டோர்ச்சைக் கைவிடாமல், சிவபாலன் அண்ணை.

நான் கட்டைவிரலைக் காட்டினேன். இந்த முறை யாரும் பொறு என்று சொல்லவில்லை.

படகில் ஏறி வாய்க்குழாயைத் துப்பியதும் அண்ணை வெடித்தார்.

"ஐசே, நான் பொறு எண்டு காட்டினனான். கண்டனீரோ?"

"ஓம் அங்கிள்."

"கண்டும் என்ர காலைப் பிடிச்சு இழுத்தனீர்?"

"ஓம் அங்கிள்."

"ஏன்?"

"உங்கட காத்து முடியப் போச்சுது அங்கிள்."

"எனக்குப் பிரஷர் விளங்காதெண்டு சொல்லுறீரோ? இத்தனை வருசம் பாய்லர் பூட்டின எனக்கு?"

துஷ்யந்தன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். அபி கண்ணை மூடிக்கொண்டாள். அவன் வாயிலிருந்து அடுத்து வரப்போவது என்னவென்று எல்லோருக்கும் மனப்பாடம்.

"இல்லை அங்கிள். அங்க உள்ளுக்க உங்களுக்கு விளங்கேல்லை."

 அண்ணையின் முகம் சிங்கிறாலை வேகவைத்த நிறத்துக்குப் போனது. யாரைத் திட்டுவது, எதால் அடிப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். கடைசியில் படகின் நடுவில் நிமிர்ந்து நின்று, கடலைப் பார்த்து, உள்ளதிலேயே பெரிய கெட்ட வார்த்தையை எடுத்து வீசினார்.

"முயல்! முயல்! முயல்!"

படகோட்டி திடுக்கிட்டுத் திரும்பி, இவர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். உயிரோடு திரும்பியதற்குக் கடலுக்கு நன்றி சொல்கிறார் என்றேன். படகோட்டி மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, வழக்கம்போலச் சிலிண்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கத் தொடங்கினார். மற்ற சிலிண்டர்களின் வாயைச் சற்றுத் திறந்தபோது படகே அதிரும்படி சீறின. அண்ணையின் சிலிண்டரைத் திறந்தார். ஒரு சின்னப் பெருமூச்சு. அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்தை யாரும் அண்ணைக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் பைப்புகளோடு இருந்தவர். மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தார்.  லண்டன் வரை வேனை நான் ஓட்டினேன், அவர் என் பக்கத்தில். பின்னால் அபி சத்தம் வராமல் அழுதாள். துஷ்யந்தன் சிலிண்டர்களுக்கு நடுவே அவற்றில் ஒன்றைப் போலச் சாய்ந்து கிடந்தான்.

அடுத்த புதன்கிழமை அண்ணை குளத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. அபியும் வரவில்லை. போன் மட்டும் எடுத்தாள்.

"எல்லாம் முடிஞ்சுது அக்கா. வீட்டில அப்பா வாயே திறக்கிறார் இல்லை. இந்த நேரத்தில போய் இவர்தான் அவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? அந்தப் படங்களை அழிச்சுப் போடுங்கோ, ப்ளீஸ்."

அழிப்பதற்காகத்தான் கணினியில் போட்டேன். ஃபிளாஷுக்காகக் கண்மூடித்தனமாக அழுத்தியவை என்பதால் எல்லாமே வெறும் வெள்ளை. ஒன்றைத் தவிர. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு முதுகு, நீண்ட ஒரு கை, அந்தக் கைக்குள் ஒரு கால். நான் குறிவைத்து எடுத்த ஆயிரம் மீன் படங்களில் இதில் பாதி அழகுகூட இல்லை. அழிக்க மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் குழப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அழிக்கவில்லை, ஒன்று மட்டும் இருக்கிறது என்று அபிக்குச் சொல்லிவிட்டேன்.

அதற்கும் அடுத்த புதன், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, சிவபாலன் அண்ணை தனியாக வந்து நின்றார். கையில் நீச்சல் பை இல்லை.

"படம் ஒண்டு இருக்காமே. காட்டுங்கோ."

மடிக்கணினியைத் திறந்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"என்ர முகம் தெரியேல்லை."

"ஆமா அண்ணே. கால் மட்டும்தான்."

"நல்லது." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். வால்தம்ஸ்டோவில தண்ணி இல்லையெண்டோ என்ர மகள் என்னை இவ்வளவு தூரம் கொண்டு வந்தவள்?"

நான் மடிக்கணினியின் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

"முதல் கிழமையே எனக்கு விளங்கிட்டுது. ஒரு போன் அடிச்சன். ஆற்ற மகன், எந்த ஊர், தாய் தகப்பன் என்ன மாதிரி, எல்லாம் அண்டைக்கே தெரியும். ஒரு குறையும் இல்லை."

"அப்புறம் ஏன் அண்ணே ஒரு வருஷம் தெரியாத மாதிரி இருந்தீங்க?"

"ஜேர்மன் ரயில் திறம் எண்டா ஓம். பழுது எண்டாலும் ஓம். ஒரு வருசமா உந்த ஓம் ஒண்டுதான். ஓம் மட்டும் சொல்லுறவனை நம்பி எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது? நாளைக்கு என்ர பிள்ளை பிழையான பக்கம் போனா, நில் எண்டு சொல்ல ஒருத்தன் வேண்டாமோ? நீங்கள் அந்தக் கட்டைவிரல் விதியைச் சொன்ன நாளில இருந்து, ஒருநாளைக்கெண்டாலும் இவன் எனக்குக் காட்டமாட்டானோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு வருசம் பாத்துக்கொண்டிருந்திட்டு, அவன் காட்டேக்க நான் கணக்கெடுக்கேல்லை." திரையில் இருந்த அந்தக் கையை விரலால் தொட்டார். "உயிரோட இருக்கிறன், தங்கச்சி. அவனாலதான்."

எனக்குக் கண் கலங்கியது. ஆனால் கேட்காமல் விடுவதற்கு நான் நல்லவள் இல்லை.

"அப்போ அவனைச் சோதிக்கத்தான் வேணும்னே குகைக்குள்ள போனீங்களா?"

அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"விசரே உங்களுக்கு? அது அந்தச் சிங்கிறாலுக்காக."

ஒரு வருடம் நாங்கள் மூன்று பேரும் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தோம். அவர் ஒருவராக எங்கள் மூவரையும் நிறுத்தி வேடிக்கை பார்த்திருக்கிறார். இந்தத் தொழிலில் நீங்கள் யாரைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறீர்களோ அவர் உங்களைக் கண்காணிக்கவில்லை என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று. உங்கள் மாணவர்களில் அடக்கமான பிள்ளையைக் கண்டு மகிழ்ந்து போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லும் பிள்ளையோடு குகைக்குள் போவது தனியாகப் போவதற்குச் சமம். அவன் ஒருநாள் இல்லை என்று சொல்லும்வரை குளத்திலேயே வைத்திருங்கள். சொன்னால் கைதட்டுங்கள். நீங்கள் சொன்னதற்கே இல்லை என்று சொன்னால் இன்னும் பலமாகக் கைதட்டுங்கள்.

கல்யாணம் அடுத்த வருடம் ஹரோவில் ஒரு மண்டபத்தில். படம் எடுத்தது நான்தான், வேறு யாரை விடுவேன்? வழக்கமாக மண்டப வாசலில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கும் பெரிய படம் வைப்பார்களே, அந்த இடத்தில் அண்ணை ஆளுயரத்துக்குச் சட்டம் போட்டு வைத்திருந்தது என் வெள்ளைப் படத்தை. வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்து, இது யாருடைய கால் என்று கேட்டார்கள். "என்ர" என்று ஒவ்வொருவருக்கும் அவரே பெருமையாகச் சொன்னார்.

தாலி கட்டி முடிந்து, பெரியவர்கள் காலில் விழும் நேரம் வந்தது. துஷ்யந்தன் பட்டு வேட்டி சரசரக்கக் குனிந்து அண்ணையின் வலது காலைத் தொடப்போனான். அண்ணை சட்டென்று அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். 

"பொறும் தம்பி. இது ஏற்கெனவே பிடிச்ச கால்." இடது காலை முன்னால் நீட்டினார். "இண்டைக்கு மற்றதைப் பிடியும்."

சிரிப்பில் மேளக்காரர் வாசிப்பையே விட்டுவிட்டார். துஷ்யந்தன் சொன்னபடி மற்றக் காலைத் தொட்டான். தொட்டுவிட்டு, முழந்தாளில் இருந்தபடியே நிமிர்ந்து, மாமனாரின் முகத்துக்கு நேரே கட்டைவிரலை உயர்த்தினான். ஏன் என்று கேட்காமல், விதிப்படி, சிவபாலன் அண்ணை இரண்டு கைகளாலும் அவனை மேலே தூக்கிவிட்டார்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே எடுத்ததால் கொஞ்சம் ஆடியிருக்கிறது.